உதையும் சூடும்: ஆட்டோமேட்டிக் கியரின் கதை, கொல்லிமலை அடிவாரத்திலிருந்து

"ஆட்டோமேட்டிக் வண்டிங்களா? அதை எடுத்துக்கிட்டு கொல்லிமலை ஏறாதீங்க, கியர்பாக்ஸ் போயிரும்."

சேந்தமங்கலம் பக்கம் பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கினவங்களுக்கு இலவசமா கிடைக்கிற முதல் அறிவுரை இதுதான். சொல்றவர் அந்த மாதிரி வண்டியில உட்கார்ந்துகூட இருக்க மாட்டார். அது வேற விஷயம் :-)

இந்தப் பயத்துல கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா பாதி உண்மை. முழு உண்மையைச் சொல்லணும்னா நூறு வருஷத்துக்கு மேல பின்னாடி போகணும். நடுவுல ஒரு ஜெர்மன் கப்பல் பட்டறை, ஒரு போர் டாங்கி, கொஞ்சம் திமிங்கலம் எல்லாம் வரும். பொறுமையா வாங்க.

முதல்ல ஊரைத் தெரியாதவங்களுக்காக. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி காரவள்ளி வந்தா மலையடிவாரம். அங்கேருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவு. ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம் ஏறணும். லாரிக்கும் பாடி கட்டுறதுக்கும் பேர் போன நாமக்கல் பக்கத்துல இருக்கிறதால, கியர், கிளட்ச், பிரேக் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளே இந்தப் பக்கம் கிடையாது. ஆனா அந்த அபிப்பிராயம் எல்லாம் கை கியர் வண்டியை வச்சு வந்தது.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். ஆட்டோமேட்டிக் கியர்ல உதையும் சூடும் பங்காளிங்க. ஒருத்தனுக்குக் குறைச்சா இன்னொருத்தன் பங்கு ஏறும். கியர் மாறும்போது உதைக்கக் கூடாதுன்னா எங்கேயோ ஏதோ ஒண்ணு வழுக்கணும். வழுக்கினா சூடு. இந்தச் சொத்துத் தகராறுதான் ஆட்டோமேட்டிக் கியரோட மொத்த சரித்திரமும்.

கப்பலுக்குப் பிறந்த பிள்ளை

1905ல ஜெர்மனியில ஹெர்மன் ஃபொட்டிங்கர்னு ஒரு பொறியாளர், ஷ்டெட்டின் நகரத்து வல்கன் கப்பல் பட்டறையில வேலை. அப்போ கப்பலுக்கு நீராவி டர்பைன் புதுசு. டர்பைன் வேகமா சுத்தினாதான் திறன். கப்பல் விசிறியோ மெதுவா சுத்தினாதான் தண்ணியைத் தள்ளும். நடுவுல பல் சக்கரம் வச்சா அந்தக் காலத்து எஃகு அவ்வளவு சக்தியைத் தாங்காது. ஃபொட்டிங்கர் யோசிச்சது: பல்லே வேண்டாம், நடுவுல திரவத்தை வச்சிருவோம். ஒரு பக்கம் பம்ப் திரவத்தை வீசும், எதிர்ப்பக்கம் டர்பைன் அதை வாங்கிச் சுத்தும். ரெண்டு மின்விசிறியை எதிரெதிரா வச்சு ஒண்ணை ஓட விட்டா இன்னொண்ணும் சுத்துமே, அதேதான்.

நடுவுல அசையாத ஒரு தகட்டுச் சக்கரம் வச்சு, திரும்பி வர்ற திரவத்தைச் சரியான திசைக்கு மடக்கி விட்டா, முறுக்குவிசை பெருகவும் செய்யும். அதுதான் டார்க் கன்வெர்ட்டர். தகடு இல்லாம வெறும் பம்ப்பும் டர்பைனும் மட்டும்னா அது ஃப்ளூயிட் கப்ளிங். ரெண்டும் ஃபொட்டிங்கரோட பிள்ளைங்கதான்.

அமெரிக்காவில ரெண்டு கட்சி

கார்ல இதை மக்களுக்குக் கொண்டு வந்தது ஜெனரல் மோட்டார்ஸ். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காருக்கு 'ஹைட்ரா-மேட்டிக்' வந்தது. கூடுதல் விலை 57 டாலர். அந்தக் குழுவுக்குத் தலைமை ஏர்ல் தாம்ஸன். கை கியர்ல பல் நறநறன்னு சத்தம் போடாம விழ உதவுற ஸின்க்ரோமெஷ்ஷும் அவர் வேலைதான். கியர் போடத் தெரியாதவங்க படுற கஷ்டத்துக்கு ரெண்டு தடவை மருந்து கண்டுபிடிச்ச மனுஷன்.

ஹைட்ரா-மேட்டிக்ல நாலு கியர், ஃப்ளூயிட் கப்ளிங். மேல் கியர்ல சக்தியில ஒரு பங்கு திரவத்தைத் தொடாம நேரடியாவே போகும். அதனால வழுக்கல் கம்மி, சூடு கம்மி. ஆனா கியர் மாறும்போது நல்லாவே தெரியும். உதைக்கும்.

அதே கம்பெனியோட இன்னொரு பிரிவு ப்யூயிக். அவங்களுக்கு இந்த உதை பிடிக்கல. 1948ல 'டைனாஃப்ளோ' கொண்டு வந்தாங்க. சாதாரணமா ஓட்டும்போது கியரே மாறாது. டார்க் கன்வெர்ட்டர்தான் எல்லாத்தையும் இழுக்கும். வெண்ணெய் மாதிரி போகும். ஆனா இஞ்சின் கத்தும், வண்டி மெதுவா நகரும், பெட்ரோல் குடிக்கும், ஆயில் சூடாகும். கிண்டல் பண்றவங்க அதுக்கு 'டைனாஸ்லஷ்'னு பேரே வச்சாங்க.

ஒரே கம்பெனி, பத்து வருஷத்துக்குள்ள ரெண்டு கியர்பாக்ஸ். ஒண்ணு உதையை ஏத்துக்கிட்டு சூட்டைக் குறைச்சது. இன்னொண்ணு சூட்டை ஏத்துக்கிட்டு உதையை ஒழிச்சது. 1949ல பாக்கார்டு கம்பெனி ஒரு சமரசம் பண்ணிச்சு. வண்டி வேகம் எடுத்ததும் கன்வெர்ட்டரை ஒரு கிளட்ச் பூட்டிடும். பூட்டினா வழுக்கல் கிடையாது, சூடும் கிடையாது. இந்த 'லாக்-அப்' யோசனை நல்லா இருந்தும், பெட்ரோல் விலை ஏறி 1978ல கிரைஸ்லர் மறுபடி எடுக்கிற வரைக்கும் பெரும்பாலும் தூங்கிக்கிட்டுதான் இருந்தது.

ஸோஜி லா ஏறிய கிளட்ச் இல்லாத வண்டி

"ஆட்டோமேட்டிக் மலை ஏறாது"ன்னு சொல்றவங்களுக்கு நான் சொல்ற கதை இது.

இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்கா ஹைட்ரா-மேட்டிக்கை டாங்கியில வச்சது. எம்5 ஸ்டூவர்ட் டாங்கியில ரெண்டு கேடிலாக் இஞ்சின், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஹைட்ரா-மேட்டிக். சுமார் 15 டன் வண்டி. கிளட்ச் மிதி கிடையாது.

1948ல காஷ்மீர் சண்டை. லடாக்குக்குப் போற வழியில ஸோஜி லா கணவாய் எதிரி கையில். உயரம் 11,500 அடிக்கு மேல. காலாட்படை முயன்று பார்த்து முடியல. ஜெனரல் திம்மையா டாங்கி கொண்டு போறதுன்னு முடிவெடுத்தார். 7வது கேவல்ரியோட எம்5 ஸ்டூவர்ட்களை யாருக்கும் தெரியாம கழட்டி ஸ்ரீநகர் வழியா கொண்டு போனாங்க. பலம் பத்தாத பாலங்கள்ல வின்ச் போட்டு இழுத்தாங்க. கணவாய்க்கு இருந்தது கோவேறு கழுதைப் பாதை மட்டும்தான். அதை வண்டி போற பாதையா மாத்தினது யார் தெரியுமா? மெட்ராஸ் ஸாப்பர்ஸ். நம்ம ஊர்ப் படைப்பிரிவுதான். அவங்க ரெண்டு கம்பெனி ஆளுங்க போட்ட பாதையில, 1948 நவம்பர் 1ஆம் தேதி பனிக்கு நடுவுல டாங்கிகள் ஏறின. அவ்வளவு உயரத்துல டாங்கி வரும்னு எதிரி கனவுலயும் நினைக்கல. கணவாய் கைக்கு வந்தது.

இதுல நம்ம விஷயத்துக்கு ரெண்டு பாடம். ஒண்ணு, மலை மட்டுமே ஆட்டோமேட்டிக்கைக் கொன்னுடாது. ரெண்டு, டாங்கியில போற சிப்பாய்க்கு உதை ஒரு பொருட்டே இல்ல. உதைச்சாலும் பரவாயில்லைன்னு விட்ட கியர்பாக்ஸ் அது. கூடவே நவம்பர் மாசத்து ஸோஜி லா குளிர். சித்திரை மாசத்துல காரவள்ளியில நிக்கிற கார் அதிர்ஷ்டம் வேற மாதிரி!

நமக்கு ஏன் இது வராமலே போச்சு

அமெரிக்காவில விலை குறைஞ்ச கார்லயும் ஆட்டோமேட்டிக் வந்தது 1950ல, செவ்ரலே 'பவர்கிளைட்' மூலமா. அந்தச் சமயத்துல செவ்ரலே நமக்கு அந்நியமான பேர் இல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1928லிருந்து பம்பாய்ல கார் பூட்டிக்கிட்டு இருந்தது. ஃபோர்டு 1926லேயே இந்தியாவுக்கு வந்தாச்சு. சாதாரணமா போயிருந்தா 50கள்லயே இங்கேயும் ஆட்டோமேட்டிக் பழகியிருக்கும்.

ஆனா 1953ல அரசு ஒரு முடிவெடுத்தது. பாகங்களை இங்கேயே செய்யத் திட்டம் இல்லாத, வெறுமனே பூட்டி விக்கிற கம்பெனிகள் கடையைக் கட்டணும். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிட்டாங்க. மிஞ்சினது கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான், பம்பாய்ல பிரீமியர், நம்ம மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு. அம்பாஸடர், ஃபியட், ஹெரால்டு, எல்லாமே கை கியர். கதவு மூடினது சரியா ஆட்டோமேட்டிக் உள்ளே வர்ற நேரத்துல!

விளைவு என்னன்னா, ரெண்டு மூணு தலைமுறை மெக்கானிக்குங்க ஆட்டோமேட்டிக்கைத் திறந்து பார்க்காமலே தொழில் கத்துக்கிட்டாங்க. 90களின் பின்பாதியில மாருதி ஸென், எஸ்டீம் மாதிரி கார்ல ஆட்டோமேட்டிக் வந்தப்போ, கை கியர் வைத்தியத்தையே அதுக்கும் பார்த்தாங்க. கியர்பாக்ஸ்னா பல் சக்கரம், அதுல ஆயில் இருக்கு, ஒழுகலைன்னா தொட வேண்டாம். கை கியருக்கு இது சரி. ஆட்டோமேட்டிக்குக்கு ஆயில்தான் கை, ஆயில்தான் கால், ஆயில்தான் ரத்தமும். "ஆட்டோமேட்டிக்கா, ஆகாது"ங்கிற பேர் இங்கேதான் வந்தது. இலங்கையில ஜப்பான் பழைய கார்கள் இறக்குமதியாகி வந்ததால ஆட்டோமேட்டிக் அங்கே சர்வ சாதாரணம். கடுகண்ணாவ ஏத்தத்துல தினமும் ஏறி இறங்குது. அங்கே இந்தப் பயம் இந்த அளவுக்குக் கிடையாது.

திமிங்கலம் எங்கே வந்தது?

ஆயில்னு சொன்னேன் இல்லையா. ஆட்டோமேட்டிக் ஆயில் செய்யற வேலை விசித்திரமானது. பல் சக்கரம் தேயாம வழுக்கணும். அதே ஆயில்ல நனைஞ்சுக்கிட்டே கிளட்ச் பிளேட் பிடிக்கவும் வேணும். பிடிக்கும்போது தடால்னு பிடிக்காம மெத்துன்னு பிடிக்கணும். ஆரம்ப காலத்துல இதுக்குக் கிடைச்ச அருமையான மருந்து ஸ்பெர்ம் திமிங்கலத்தோட எண்ணெய். சூட்டைத் தாங்கும், மெத்துன்னு பிடிக்க வைக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 1967ல கொண்டு வந்த 'டெக்ஸ்ரான்' ஆயில்லயும் அது இருந்தது.

1970களின் தொடக்கத்துல அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தை அழியும் உயிரினம்னு பாதுகாத்தது. எண்ணெய் நின்னு போச்சு. மாத்து மருந்து போட்டு 1973ல டெக்ஸ்ரான்-2 வந்தது. அது என்ன பண்ணிச்சுன்னா, ஆயில் கூலரோட உலோகப் பற்றவைப்பை அரிச்சது. திரும்ப மருந்தை மாத்த வேண்டியதாச்சு. ஒரு ஆயில்ல ஒரு சேர்மானம் மாறினதுக்கே இவ்வளவு பாடு. "ஏதோ ஒரு சிவப்பு ஆயில் ஊத்துங்க"ன்னு சொல்றப்போ இதை நினைச்சுக்கணும். ஹோண்டா கியர்பாக்ஸ் உள்ளமைப்பே வேற, கை கியர் மாதிரி இணைத் தண்டுகள்ல பல் சக்கரம். அதுக்கு அவங்க சொல்ற ஆயிலைத்தான் ஊத்தணும்.

பக்கத்துல வந்த உதாரணம் ஒண்ணு. 2013 நவம்பர்ல வோக்ஸ்வேகன் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கார்களைத் திரும்பக் கூப்பிட்டது. அவங்களோட ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், சூடும் ஈரமும் உள்ள நாடுகள்ல செயற்கை ஆயிலால மின் கோளாறு ஆச்சு. தீர்வு, அதை எடுத்துட்டு சாதாரண கனிம ஆயில் ஊத்தினது! ஐரோப்பாவில நல்லா இருந்தது நம்ம வெயில்ல நல்லா இருக்கணும்னு கட்டாயம் இல்ல.

கொல்லிமலைக் கணக்கு

இப்போ நம்ம மலைக்கு வருவோம். கொண்டை ஊசியில திரும்பும்போது வண்டி ஊர்ந்து போகுது, இஞ்சின் முக்கி முக்கி இழுக்குது. கன்வெர்ட்டர் உள்ளே பம்ப் வேகமா சுத்தும், டர்பைன் பாதி வேகத்துல சுத்தும். இஞ்சின் கொடுக்கிறது 30 கிலோவாட்னு வைங்க. முறுக்கு ஒன்றரை மடங்கு ஆச்சுன்னா, பாதி வேகம் பெருக்கல் ஒன்றரை, முக்கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகும். மிச்சக் கால் பங்கு ஏழரை கிலோவாட் நேரா ஆயில்ல சூடா இறங்கும். அதாவது 750 வாட் இஸ்திரிப் பெட்டி பத்தை ஆயில்ல முக்கி வச்ச மாதிரி. சில நொடிதான். ஆனா எழுபது தடவை.

ஆயிலைப் பத்தி மெக்கானிக் உலகத்துல ஒரு தோராயக் கணக்கு உண்டு. 80 டிகிரி வரைக்கும் இருந்தா ஆயில் ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல உழைக்கும். அதுக்கு மேல ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயுள் பாதியா குறையும். 113 டிகிரியிலேயே ஓடிக்கிட்டு இருந்தா எட்டில் ஒரு பங்கு, 20,000 கிலோமீட்டர்தான். அதனால ஒரு தடவை கொல்லிமலை போனா கியர்பாக்ஸ் போயிடாது. ஏற்கனவே ஆயுள் முடிஞ்ச ஆயிலோட போனாதான் போகும். மலை கொலைகாரன் இல்ல, சாட்சி!

இறங்கும்போது வேற கணக்கு. 1200 கிலோ கார் 1000 மீட்டர் இறங்கினா வெளியாகிற சக்தியில சுமார் 40 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். 'டி'யில போட்டுட்டு பிரேக்கை அமுக்கிக்கிட்டே வந்தா அந்தச் சூட்டுல பெரும்பகுதி பிரேக் தலையில. லாரி டிரைவருங்க சொல்ற "ஏறுற கியர்லயே இறங்கு"ங்கிற பாடம் ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும். '2', 'எல்'னு எழுத்து வச்சிருக்கிறது அழகுக்கு இல்ல. ஏறும்போதும் அதுலயே வச்சா கியர் ரெண்டா மூணான்னு மாறி மாறித் தடுமாறாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வழுக்கல், ஒரு சூடு மிச்சம்.

உதை எப்போ வருது?

விவரமான மெக்கானிக் முதல்ல கேக்குறது இதுதான்: "ஏனுங்க, காலையில எடுக்கும்போது நல்லாத்தானே இருக்குது? சூடானப்புறம்தானே உதைக்குது?"

"ஆமாங்ண்ணா, மலை ஏறிட்டு வந்தா மட்டும்."

இந்த ஒரு பதில்ல பாதி வைத்தியம் முடிஞ்சது. சூடானா மட்டும் உதைக்குதுன்னா ஆயில் நீர்த்து, அழுத்தம் குறைஞ்சு, கிளட்ச் பிளேட் முதல்ல வழுக்கிட்டு அப்புறம் தடால்னு பிடிக்குது. ரப்பர் சீல் சூட்டுல இறுகிப் போனாலும், ஆயில் கருகி வால்வுல பிசின் மாதிரி ஒட்டினாலும் இதேதான். பங்காளிக் கதை இங்கே முடியுது பாருங்க: உதையைத் தவிர்க்க வழுக்க விட்டோம், வழுக்கி வந்த சூடு ஆயிலைக் கெடுத்தது, கெட்ட ஆயில் உதையைத் திரும்பக் கொண்டு வந்துடுச்சு.

குளிர்ந்திருக்கும்போதே உதைச்சா வேற காரணம் தேடணும். ஐடில் வேகம் கூடுதல், இஞ்சின் மவுண்ட் கிழிஞ்சது, பழைய வண்டியில ஆக்ஸிலேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போற கேபிள் சரியில்லாதது. சின்னச் செலவுல தீர்றதை கியர்பாக்ஸ் தலையில கட்டிடக் கூடாது.

நம்ம ஊருக்கே உரிய ரெண்டு விஷயம் சொல்லிடறேன்.

ஒண்ணு, தண்ணி. நிறைய கார்ல ஆட்டோமேட்டிக் ஆயில் கூலர் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயேதான் இருக்கு. நம்ம போர் தண்ணியை ரேடியேட்டர்ல ஊத்தினா, அண்டாவுல படியிற மாதிரி உப்பு படியும். அந்த உப்பு ஓடு போர்வை மாதிரி மூடிக்கும், ஆயில் சூடு வெளியே போகாது. கூலன்ட் ஊத்துங்க. கூலர் உள்ளேயே அரிச்சு ஓட்டை விழுந்தா தண்ணியும் ஆயிலும் கலந்து ரோஸ்மில்க் நிறத்துல வரும். அதைப் பார்த்த உடனே வண்டியை நிறுத்திடணும். கிளட்ச் பிளேட்டோட ஒட்டுக் காகிதமே உரிஞ்சு போகும்.

ரெண்டு, இறங்கும்போது இஞ்சினை அணைச்சு நியூட்ரல்ல உருட்டுறது. பெட்ரோல் மிச்சம்னு செய்வாங்க. ஆட்டோமேட்டிக்ல ஆயிலைச் சுத்தி விடற பம்ப் இஞ்சினோட சேர்ந்துதான் ஓடும். இஞ்சின் நின்னா, உள்ளே எல்லாம் காய்ஞ்சபடி சுத்தும். பிரேக்குக்கான உதவி விசையும் போயிடும். 70 வளைவுல அது உயிர் விஷயம். பழுதான வண்டியை முன்சக்கரம் தரையில உருள, கயிறு கட்டி இழுத்துட்டு வர்றதும் இதே தப்புதான். சக்கரத்தைத் தூக்கி ஏத்தித்தான் கொண்டு வரணும். அதே காரணத்துக்கு, சோளக்காட்டுல போய் நின்னதும் டக்னு இஞ்சினை அணைக்காம, 'பி'ல போட்டு ரெண்டு மூணு நிமிஷம் ஓட விட்டா ஆயில் ஆறும்.

ஆயில் கருத்து, கருகின வாடை அடிச்சா, மெஷின் வச்சு ஒரே அடியா அலசுறதை விட, வடியிறதை மட்டும் வடிச்சு ஊத்தி, கொஞ்ச நாள் ஓட்டி, திரும்ப வடிச்சு ஊத்தறது பழைய வண்டிக்கு மெதுவான வைத்தியம். தேய்ஞ்சு போன பிளேட்டுக்கு மட்டும் எந்த ஆயிலும் மருந்து இல்ல.

திரும்ப அதே பங்காளி

2014 பிப்ரவரியில மாருதி செலேரியோ வந்தது. இந்தியாவில ஆட்டோமேட்டிக்கை நடுத்தரக் குடும்பத்துக்குக் கொண்டு வந்த கார்னு அதைச் சொல்லலாம். ஆனா அதுல டார்க் கன்வெர்ட்டரே கிடையாது. சாதாரண கை கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை அமுக்கி கியர் போடற வேலையை ஒரு மோட்டாரும் ஹைட்ராலிக்கும் செய்யுது. வழுக்கல் கம்மி, ஆயில் சூடு இல்ல, மைலேஜ் உண்டு. அதை ஓட்டினவங்க சொன்ன முதல் குறை என்ன? கியர் மாறும்போது தலை முன்னாடி ஆடுது. உதை!

1940ல ஹைட்ரா-மேட்டிக் வாங்கினவர் சொன்ன அதே குறைதான். 1948ல பனியில ஏறின சிப்பாய்க்கு மட்டும்தான் அது குறையா தெரியல. இந்த ஏ.எம்.டி. வண்டியைக் கொண்டை ஊசியில பிரேக் பிடிக்காம ஆக்ஸிலேட்டராலேயே நிறுத்தி வச்சீங்கன்னா சூடு ஆயிலுக்குப் பதிலா கிளட்ச் பிளேட்டுக்குப் போகும். கொஞ்ச நேரத்துல வாடை அடிக்கும்.

ஆகவே மக்களே, பழைய ஆட்டோமேட்டிக் வச்சிருந்தா கொல்லிமலைக்குத் தாராளமா போங்க. போறதுக்கு முன்னாடி ஆயில் குச்சியை உருவி ஒரு வெள்ளைத் துணியில துடைச்சுப் பாருங்க. சிவப்பா இருந்தா அறப்பளீஸ்வரரைப் பார்த்துட்டு வரலாம். கருப்பா இருந்தா முதல்ல மெக்கானிக்கைப் பார்த்துட்டு, அப்புறம் அறப்பளீஸ்வரர்.